பொருந்திய படமெல்லாம் சரியான அளவு ஆகிவிடாது

கொஞ்சம் நீளமான பதிவு. கண்மாய், ஊருணி வேலைகளில் அக்கறை உள்ளவர்களும், ட்ரோன் தொழிலில் இருக்கும் தம்பி தங்கைகளும் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

எங்கள் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய் தூர்வாரினால் அளவெடுக்க இப்போது ட்ரோன் வருகிறது. முன்பு லெவல் கருவியும் ஸ்டாஃபும் தூக்கிக்கொண்டு நாலு பேர் நாள் கணக்கில் வெயிலில் நடப்பார்கள். இன்று ஒரு காலைப் பொழுதில் நானூறு ஐந்நூறு படம் எடுத்து, இரவோடு இரவாகக் கம்ப்யூட்டரில் ஓட்டி, "இத்தனை கன மீட்டர் மண் எடுக்கப்பட்டது" என்று வண்ணப் படத்தோடு அறிக்கை வந்துவிடுகிறது. நான் இதற்கு எதிரி இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் புவியியல் நடத்தியவன். வானிலிருந்து எடுத்த படம் என்றால் இன்றைக்கும் உட்கார்ந்து பார்ப்பேன். ஓய்வுக்குப் பிறகு பழைய மாணவர்கள் சிலரோடு சேர்ந்து மெட்டாஷேப், வெப் ஓடிஎம் இரண்டிலும் வேலை பார்த்துப் பழகியிருக்கிறேன்.

ஆனால் ஒரு வழக்கம் பரவிக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. சில படங்கள் மற்றவற்றோடு பொருந்த மறுக்கும். அந்த இடத்தில் தகவல் போதவில்லை என்று மென்பொருள் நேர்மையாகச் சொல்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். அந்தப் பதிலைக் காதில் வாங்காமல், எந்த பட்டனையாவது அழுத்தி எப்படியாவது "அலைன்" ஆக்கிவிடுகிறார்கள். பிறகு அந்த வரைபடத்தைத் தனியாகச் சரிபார்க்காமலே பில்லுக்கு அடிப்படையாக வைத்துவிடுகிறார்கள். முதலாவது தவறு. இரண்டாவது ஊர்ப் பணத்தோடு விளையாடுவது.

பொருத்துவது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மென்பொருள் ஒவ்வொரு படத்திலும் அடையாளம் சொல்லக்கூடிய சின்னச் சின்னப் புள்ளிகளை ஆயிரக்கணக்கில் தேடும். ஒரு கல்லின் மூலை, மடைச் சுவரின் விளிம்பு, வண்டித் தடம், இப்படி. கனடாவின் டேவிட் லோ 1999-இல் வெளியிட்ட சிஃப்ட் என்ற முறையும் அதன் வழிவந்தவையும்தான் இதற்கு அடிப்படை. அதே புள்ளி பக்கத்துப் படங்களில் எங்கே இருக்கிறது என்று ஜோடி சேர்க்கும். ஜோடிகள் போதுமான அளவு கிடைத்தால், ஒவ்வொரு படமும் எடுக்கப்பட்ட நேரத்தில் கேமரா எங்கே இருந்தது, எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, லென்ஸின் வளைவு எவ்வளவு என்பதையெல்லாம் ஒரே கணக்காகப் போட்டுத் தீர்க்கும். அதன் பிறகுதான் தரையின் உயரம், கன அளவு எல்லாம். அடித்தளம் கோணினால் மேலே கட்டுவதெல்லாம் கோணல்.

இதில் ஒரு நுட்பத்தைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டே படத்தில் தெரியும் புள்ளி நல்ல சாட்சி இல்லை. முதல் படத்தில் ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டால், இரண்டாவது படத்தில் அது ஒரு குறிப்பிட்ட கோட்டின் மேல் எங்காவது இருக்க வேண்டும் என்று மட்டும்தான் கணக்கு சொல்லும். அந்தக் கோட்டின் மேலேயே இருக்கிற வேறொரு புதரைத் தவறாக ஜோடி சேர்த்துவிட்டால் கணக்கில் எந்த முரணும் தெரியாது. உயரம் மட்டும் பொய்யாகிவிடும். மூன்றாவது படத்திலும் அதே புள்ளி தெரிந்தால்தான் பொய் பிடிபடும். பஞ்சாயத்தில் இரண்டு பேர் ஒன்றாகப் பேசி வைத்துக்கொண்டு சொல்வதற்கும், சம்பந்தமில்லாத மூன்றாம் ஆள் வந்து சொல்வதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

இப்போது கண்மாய்க்கு வருவோம். ட்ரோன் படங்களைப் பொருத்துவதற்கு இதைவிட மோசமான இடத்தைத் தேடினாலும் கிடைப்பது கஷ்டம்.

முதலில் தண்ணீர். கோடையிலும் மடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் கொஞ்சம் தேங்கி நிற்கும். தண்ணீரில் தெரிகிற மினுமினுப்பு சூரியனுடையது, மேகத்தினுடையது; தரையினுடையது அல்ல. ட்ரோன் நகர்ந்தால் மினுமினுப்பும் கூடவே நகரும். மென்பொருளுக்கு அது தண்ணீர் என்று தெரியாது. நடுவில் பெரிய நீர்ப்பரப்பு இருந்தால், அதற்கு மேலே எடுத்த படங்கள் முழுக்க நீலமாகவோ பழுப்பாகவோ இருக்கும்; அவை பொருந்தவே பொருந்தாது. பொருந்தக் கூடாது. பொருந்திவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

அடுத்தது சீமைக்கருவேலம். மேலிருந்து பார்த்தால் எல்லாப் புதரும் ஒன்றுபோல இருக்கும். மெல்லிய இலை, நடுவே நடுவே நிழல், காற்றில் ஆடும் கிளை. ட்ரோன் ஒரு வரிசையில் போய், திரும்பி அடுத்த வரிசையில் அதே இடத்துக்கு வருவதற்குள் சில நிமிடம் ஆகிவிடும். அதற்குள் கிளை வேறு நிலையில் நிற்கும். போதாததற்கு, தாழப் பறந்தால் ஒரே புதரின் உச்சி ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு கோணத்தில் தெரிந்து ஆளே மாறிப்போகும். ஆயக்கட்டு நெல் வயலும் அப்படித்தான். காற்றடித்தால் ஒரே பச்சைக் கம்பளம் அலையடிக்கும். அதில் எந்தப் புள்ளியைப் பிடிப்பது?

வெடித்துக் கிடக்கும் காய்ந்த வண்டல் தரையைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். பாளம் பாளமாக எல்லாம் ஒன்றுபோலத் தெரிகிறதே என்று. உண்மையில் மென்பொருளுக்கு அது விருந்து. எந்த இரண்டு வெடிப்பும் ஒரே வடிவம் இல்லை, காற்றில் ஆடுவதும் இல்லை. நம் கண்ணுக்குக் கஷ்டமானது அதற்குச் சுலபம். நமக்குச் சுலபமான தண்ணீரும் மரமும் அதற்குக் கஷ்டம்.

நான் எம்.ஏ. படித்த காலத்தில் ஸ்டீரியோஸ்கோப்புக்குக் கீழே இரண்டு படத்தை வைத்து மலையையும் பள்ளத்தையும் புடைப்பாகப் பார்ப்போம். விமானப் படங்களுக்கு அன்று முன்பின்னாக 60 சதவீதம், பக்கவாட்டில் 20, 30 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் போதும். ஒரு இடம் மூன்று நான்கு படத்தில் வந்தால் பெரிய விஷயம். அது ஏன் போதுமாக இருந்தது என்றால், புள்ளியைத் தேர்ந்தெடுத்தது மனிதக் கண். ஏரியின் நடுவில் எவனும் புள்ளி வைக்கமாட்டான். கோயில் மூலையில் வைப்பான். இன்று அந்த வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டோம். அது நூற்றுக்கணக்கில் தவறான ஜோடியும் சேர்க்கும், ஆயிரக்கணக்கில் சரியான ஜோடியும் சேர்க்கும். பெரும்பான்மையை வைத்துத் தவறை ஒதுக்கும். அதற்குப் பெரும்பான்மை வேண்டும். எனவேதான் படிதலைக் கூட்ட வேண்டியிருக்கிறது.

கணக்காகவே சொல்கிறேன். ஒரு அங்குல சென்சார், 20 மெகாபிக்சல் கேமரா உள்ள ட்ரோன் 100 மீட்டர் உயரத்தில் எடுக்கும் ஒரு படம் தரையில் சுமார் 150க்கு 100 மீட்டரை மூடும். ஒரு பிக்சல் 2.7 சென்டிமீட்டர். முன்பின் 80, பக்கவாட்டு 70 சதவீதம் என்று வைத்தால் 20 மீட்டருக்கு ஒரு படம், 45 மீட்டருக்கு ஒரு வரிசை. ஒரு இடம் சராசரியாக 16 படத்தில் வரும். நூறு ஏக்கர் கண்மாய்க்கு நானூற்றைம்பது படம் வரும். வெறும் தரைக்கு, கட்டடத்துக்கு இது தாராளம். கருவேலங்காட்டுக்கு இது போதாது. அங்கே 85க்கு மேல், பக்கவாட்டில் 80 வைக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் உயரமாகப் பறக்க வேண்டும். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை, அதாவது 120 மீட்டர் வரை போகலாம். உயரப் போகப் போக ஒரே படத்துக்குள் புதரோடு கரையும் வண்டித் தடமும் சேர்ந்து வரும், அவை புதரைத் தாங்கிப் பிடிக்கும். முதலில் வடக்கு தெற்காகப் பறந்துவிட்டு, மறுபடி கிழக்கு மேற்காகக் குறுக்கே பறப்பது இன்னும் நல்லது. நேரம் இரட்டிப்பாகும், பேட்டரி கூடுதலாக வேண்டும். அதுதான் யாரும் செய்வதில்லை.

வேகத்தையும் பாருங்கள். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகும்போது ஷட்டர் 1/500 என்றால் ட்ரோன் நகர்வது 2 சென்டிமீட்டர், ஒரு பிக்சலுக்கும் குறைவு. மேகமூட்டத்தில் ஆட்டோவில் விட்டு ஷட்டர் 1/100 ஆகிவிட்டால் 10 சென்டிமீட்டர், நாலு பிக்சல் இழுவிக்கொண்டு வரும். செல்போன் திரையில் பார்த்தால் நல்ல படமாகத்தான் இருக்கும்.

சரி, பறந்தாயிற்று. வீட்டுக்கு வந்தாயிற்று. கம்ப்யூட்டரில் ஐம்பது படத்துக்குப் பக்கத்தில் 'என்ஏ' என்று நிற்கிறது. இப்போது என்ன செய்யலாம்?

செய்யத்தக்கவை இருக்கின்றன. மெட்டாஷேப்பில் படத் தரத்தை மதிப்பிட்டு, 0.5க்குக் கீழே உள்ள மங்கல் படங்களை விலக்குங்கள். தண்ணீருக்கு மாஸ்க் போடுங்கள். அங்கிருந்து புள்ளி எடுக்காதே என்று சொல்வது நியாயமான உத்தரவு. இன்னொன்று பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்: துல்லியத்தை 'ஹை' என்பதிலிருந்து 'மீடியம்' ஆக்கிப் பாருங்கள். மீடியத்தில் படம் நீளத்திலும் அகலத்திலும் பாதியாகச் சுருங்கும். ஆடுகிற இலைகள் மறைந்து, புதரின் மொத்த வடிவம், இரண்டு புதருக்கு இடையே உள்ள சந்து, இவை நிற்கும். அவை காற்றுக்கு மாறாதவை. காட்டுப் படங்களுக்கு 'ஹை'யைவிட 'மீடியம்' அதிகம் பொருந்துவது சகஜம். பெரிய எண்ணாக வைத்தால் பெரிய நன்மை என்று நினைப்பவர்களுக்கு இது பிடிக்காது. கரை, கலிங்கு, மடை தெளிவாகத் தெரியும் படங்களில் கையால் மார்க்கர் வைத்து, பொருந்தாத படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து மறுபடி பொருத்திப் பார்ப்பதும் சரிதான். மார்க்கர் வைக்கும் இடம் உண்மையிலேயே கண்ணுக்குத் தெரிகிற இடமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நடப்பது வேறு. கீ பாயிண்ட் எல்லை தொடக்கத்தில் 40,000 என்று இருக்கும். அதை 0 என்று போட்டால் எல்லையே இல்லை என்று அர்த்தம். போடுகிறார்கள். இலை நுனியையும் நீர் மினுக்கையும் சேர்த்து வாரிக்கொண்டு வரும். ஜோடிகள் கூடும், நல்ல ஜோடிகளின் விகிதம் குறையும். எதிலும் ஒட்டாத படத்துக்கு, "இதுதான் அந்தப் புதர் மாதிரி இருக்கு" என்று குத்துமதிப்பாக மூன்று மார்க்கர் வைத்துத் தள்ளிவிடுகிறார்கள். ஐம்பது 'என்ஏ'வும் மறைந்துவிடும். திரையில் முழுக் கண்மாயும் ஓட்டையில்லாமல் அழகாக வந்துவிடும். அந்த அழகுதான் ஆபத்து.

ஒரு ஊரில் நடந்ததைச் சொல்கிறேன்; ஊரும் ஆளும் வேண்டாம். தூர்வாரிய அளவைப் பார்த்த விவசாயிகளுக்குச் சந்தேகம். வண்டிக் கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. அளவெடுத்த தம்பியிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நல்ல பையன், மரியாதையாக உட்காரவைத்து லேப்டாப்பைத் திறந்தார்.

"சார், எல்லாப் படமும் அலைன் ஆயிருச்சு. ஒண்ணுகூட விடலை."

"சந்தோஷம் தம்பி. செக் பாயிண்ட் எத்தனை வச்சீங்க?"

"ஜிசிபி நாலு வச்சோம் சார். நாலு மூலைக்கும்."

"அது கணக்குக்குள்ள போன புள்ளி. கணக்குக்கு வெளிய வச்சது?"

"அது எதுக்கு சார்? எர்ரர் ரெண்டு சென்டிமீட்டர்தான் வந்திருக்கு."

இந்த இரண்டு சென்டிமீட்டரைப் புரிந்துகொள்ள வேண்டும். நாலு மூலையிலும் தரையில் குறியிட்டு, டிஜிபிஎஸ்ஸில் அளந்து, அந்த அளவுக்கு வரைபடத்தை இழுத்துக் கட்டச் சொல்கிறோம். மென்பொருள் இழுத்துக் கட்டுகிறது. பிறகு அந்த நாலு இடத்திலும் எவ்வளவு பிசகு என்று கேட்டால், குறைவாகத்தான் சொல்லும். கட்டிய இடம் அல்லவா? கேள்வித்தாளையும் விடையையும் முதல் நாளே கொடுத்துவிட்டு நூற்றுக்கு நூறு வாங்கினான் என்று பெருமைப்படுவது போல. கணக்குக்குக் காட்டாமல் ஒளித்துவைத்த புள்ளிகளில் எவ்வளவு பிசகு என்பதுதான் பரீட்சை.

அந்த நாலு மூலைக்கு நடுவில் என்ன நடக்கும்? நேர் கீழே பார்த்தே எடுத்த படங்களில், லென்ஸ் வளைவையும் அதே கணக்கில் கண்டுபிடிக்கச் சொல்லும்போது, வளைவில் சின்னப் பிழை வந்தால் அது தரையில் இறங்கிவிடும். தட்டையான நிலம் கிண்ணம் போலக் குழியும், அல்லது கவிழ்த்த தட்டு போல நடுவில் உப்பும். படங்களுக்குள் எந்த முரணும் இருக்காது. எல்லாம் அழகாகப் பொருந்தியே இருக்கும். மைக் ஜேம்ஸ், ஸ்டூவர்ட் ராப்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2014-இல் இதை விரிவாகக் காட்டி, சில படங்களைச் சாய்வாக எடுத்துச் சேர்த்தால் இந்தக் குழிவு பெருமளவு குறையும் என்றும் சொன்னார்கள். கண்மாயோ பெரிதும் தட்டை. நல்ல ஜோடிகள் கரையோரத்தில், நடுவில் புதரும் நீரும். குழிவுக்கு இலை போட்டுப் பந்தி விரித்த மாதிரி.

உயரத்தில் பத்து சென்டிமீட்டர் பிசகினால் என்ன என்று கேட்கலாம். ஒரு சாண் கூட இல்லை. நூறு ஏக்கர் என்பது சுமார் 4 லட்சம் சதுர மீட்டர். அதில் பரவலாக 10 சென்டிமீட்டர் என்றால் 40,000 கன மீட்டர். நம் கணக்கில் ஒரு யூனிட் 100 கன அடி. அப்படிப் பார்த்தால் 14,000 யூனிட்டுக்கு மேல். மூன்று யூனிட் டிப்பரில் 4,700 நடை. எடுக்காத மண்ணுக்குப் பணம் போகலாம். எடுத்த மண்ணுக்குப் பணம் வராமல் வேலை செய்தவன் தலையில் துண்டு போட்டுக்கொண்டு போகலாம். இரண்டுமே நடக்கும், கிண்ணம் எந்தப் பக்கம் கவிழ்கிறது என்பதைப் பொறுத்தது.

பொருத்துவதோடு நேரடிச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு முன்னால் எடுத்த படத்தில் கருவேலங்காடு இருக்கிறது. மென்பொருள் பார்ப்பது மரத்தின் உச்சியை. வேலைக்குப் பின்னால் காட்டை அழித்துத் தரை தெரிகிறது. இரண்டையும் கழித்தால் மரத்தின் உயரமும் "தூர்வாரிய மண்" ஆகிவிடும். புதரைப் பிரித்தெடுத்துவிட்டுத் தரையை மட்டும் கணக்கில் எடுத்தார்களா என்று கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்.

இந்தச் சரிபார்ப்பு என்பது நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்வது இல்லை. நம் மண்ணிலேயே 200 வருஷத்துக்கு முன் நடந்தது. 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். ஏழு மைலுக்கு மேல் நீளம், நூறு அடிச் சங்கிலியை மறுபடி மறுபடி நீட்டி அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக மேற்கே போனார். அடிக்கோட்டைத் தவிர மற்றதெல்லாம் கோணத்திலிருந்து போட்ட கணக்குதான். எல்லா முக்கோணமும் ஒன்றோடொன்று பொருந்தத்தான் செய்தன. அதோடு அவர் நிம்மதியாக உட்காரவில்லை. 1804-இல் பெங்களூர் அருகே இன்னொரு அடிக்கோட்டைத் தரையில் தனியாக அளந்தார். முக்கோணக் கணக்கு அந்தக் கோட்டுக்குச் சொன்ன நீளத்தையும் சங்கிலி சொன்ன நீளத்தையும் ஒப்பிட்டார். வித்தியாசம் சில அங்குலம். அதற்குப் பிறகுதான் தன் கணக்கை நம்பினார். தெற்கே வந்தபோதும் மறுபடி அடிக்கோடு அளந்தார்.

தஞ்சாவூர்க் கதையும் இதோடு சேர்ந்ததே. டெல்டாவில் மலை கிடையாது, எங்கு பார்த்தாலும் தென்னை. தூரத்திலிருந்து தெளிவாகத் தெரியும் புள்ளியே இல்லை. நம் தம்பிகள் கருவேலங்காட்டில் படும் அதே பாடு. அதற்காகக் கோபுரங்களின் மேல் ஏறினார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள அந்தக் கோணமானியை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி வளைந்துபோனது. வளைந்த கருவியை வைத்துக்கொண்டு ஒப்பேற்றியிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? வேலையை நிறுத்தி, தானே உட்கார்ந்து அதை நிமிர்த்தி முடித்த பிறகுதான் கிளம்பினார். வெள்ளைக்காரன் வரி வாங்கவும் படை நடத்தவும்தான் அளந்தான் என்பது தெரியும். அந்த அரசியலில் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் அளவை விஷயத்தில் அந்த ஆளின் பிடிவாதத்தை மதிக்காமல் இருக்க முடியவில்லை.

தம்பிகள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். "சார், ஏக்கருக்குக் கொடுக்கற ரேட்டு பெட்ரோலுக்கே பத்தலை. இதுல குறுக்க வேற பறக்கணுமா, செக் பாயிண்ட் வேற வைக்கணுமா?" நியாயமான பேச்சு. குறைந்த விலை கேட்பவருக்கே வேலை என்றால் குறைந்த வேலைதான் நடக்கும். என் கோபம் முதலில் அவர்கள் மேல் இல்லை; வேலையை விடும்போது "எல்லாப் படமும் பொருந்தியிருக்க வேண்டும், வரைபடத்தில் ஓட்டை இருக்கக் கூடாது" என்று எழுதுகிறவர்கள் மேல். அந்த ஒரு வரிதான் பையன்களைப் பொய் சொல்ல வைக்கிறது. அதற்குப் பதில் "பொருந்தாத இடங்களைக் கோடிட்டுக் காட்ட வேண்டும், அங்கே லெவல் கருவியால் அளந்து சேர்க்க வேண்டும்" என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? வரைபடத்தில் ஓட்டை இருந்தால் இருக்கட்டும். இங்கே தெரியவில்லை என்று சொல்லும் வரைபடத்தை நான் நம்புவேன்.

செலவும் பெரிதில்லை. சுண்ணாம்பில் குறி போட ஒரு ஆள், டிஜிபிஎஸ் பிடிக்க ஒரு ஆள், அரை நாள். நூறு ஏக்கருக்குக் கணக்குக்குள் போகும் புள்ளி எட்டு பத்து. கரையில் மட்டும் இல்லாமல் உள்வாயிலும் நடுவிலும் பரவலாக. கணக்குக்கு வெளியே இன்னொரு பத்து. அந்தப் பத்தை வேறொருவர், முடிந்தால் ஊர்க்காரர்கள் முன்னிலையில், அளந்து தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வரைபடம் வந்த பிறகுதான் அந்தத் தாளைக் காட்ட வேண்டும். 2.7 சென்டிமீட்டர் பிக்சலுக்கு உயரத்தில் 5 முதல் 8 சென்டிமீட்டர் பிசகு வந்தால் நல்ல வேலை என்பேன். ஆனால் சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு புள்ளியின் பிசகையும் கூட்டல் கழித்தல் குறியோடு, இடத்தோடு கேளுங்கள். கூட்டலும் கழித்தலும் அங்கங்கே கலந்து கிடந்தால் கன அளவில் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். கரையில் எல்லாம் கழித்தல், நடுவில் எல்லாம் கூட்டல் என்றால், சராசரி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அது கிண்ணம். அறிக்கையில் போடும் ஆர்எம்எஸ் எண் இந்தக் குறியை விழுங்கிவிடும்.

உயரத்தில் இன்னொரு குழப்பமும் வருகிறது. டிஜிபிஎஸ், ஆர்டிகே கருவிகள் தரும் உயரம் கடல் மட்டத்திலிருந்து அல்ல; பூமிக்குக் கணிதத்தில் வரைந்த ஒரு சீரான பரப்பிலிருந்து. நம் தென்கோடியில் கடல் மட்டம் அந்தப் பரப்புக்குத் தொண்ணூறு மீட்டருக்கு மேல் கீழே இருக்கிறது. அதனால் ராமநாதபுரம் கடலோரக் கண்மாய் 'மைனஸ் தொண்ணூறு' என்று வரும், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கேமராவுக்கு அந்த உயரத்தையும், தரைக் குறிகளுக்குப் பழைய பெஞ்ச் மார்க்கிலிருந்து எடுத்த கடல் மட்ட உயரத்தையும் கலந்து கொடுத்துவிட்டு, "சார், எவ்வளவு பண்ணியும் அலைன் சரியா வரலை" என்று என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். மென்பொருள் பாவம், ஒரே கண்மாயைத் தொண்ணூறு மீட்டர் இடைவெளியில் இரண்டு இடத்தில் வைக்கச் சொன்னால் அது என்ன செய்யும்?

இப்போது செயற்கை நுண்ணறிவில் பழக்கிய ஜோடி சேர்க்கும் முறைகள் வந்துவிட்டன, இனி எந்தப் படமும் மிச்சம் இருக்காது என்கிறார்கள். பார்த்தேன். வழவழப்பான சுவரிலும் மங்கிய வெளிச்சத்திலும் அவை நன்றாகவே ஜோடி கண்டுபிடிக்கின்றன. ஆனால் ஒன்றுபோல இருக்கும் இரண்டு புதரை ஒன்று என்று நம்பிக்கையோடு சொல்வதிலும் அவை கெட்டிக்காரர்கள்தான். அதனால் அவை வந்த பிறகு, கணக்குக்கு வெளியே வைத்த பத்துப் புள்ளிக்கு வேலை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

ஆயக்கட்டு விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கண்மாயில் ட்ரோன் பறக்கப்போகிறது என்று தெரிந்தால் வேடிக்கை பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். தரையில் குறி போட்டார்களா, எங்கெங்கே, எத்தனை என்று எண்ணுங்கள். செல்போனில் படம் எடுத்து வையுங்கள். மண் அள்ளுவதற்கு முன்னால் எடுத்த படமும் அதே ட்ரோனில், அதே உயரத்தில்தானா என்று கேளுங்கள். பொருந்தாத படங்கள் எத்தனை, அவை எந்த இடத்தில் என்று அறிக்கையில் எழுதித் தரச் சொல்லுங்கள். "ஒண்ணுகூட இல்லை" என்று பதில் வந்தால், மடைப் பள்ளத்தில் தண்ணீர் நின்றதே, அதன் மேல் எடுத்த படம் எப்படிப் பொருந்தியது என்று மரியாதையாகவே கேளுங்கள்.

இதையெல்லாம் செய்ய நமக்கு இருக்கும் அவகாசம் குறைவு. மண் எடுத்த இடம் காய்ந்து கிடக்கும் வரைதான் யாரும் எந்தப் புள்ளியையும் மறுபடி அளக்க முடியும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கி, வரத்துக்கால் ஓடி, கண்மாய் பெருகிவிட்டால் பிசகும் சரியும் சேர்ந்து தண்ணீருக்கு அடியில் போய்விடும். எங்கள் ஊர்க் கண்மாயில் வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கலிங்கு பக்கம் சுண்ணாம்புக் குறி போடுகிறோம். லெவல் கருவி ஒருவர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஸ்டாஃப் பிடிக்க இன்னும் இரண்டு பேர் வேண்டும்.